தண்டம் கட்டினால் கணக்குத் தீருமா?

பெரிய குற்றங்களைப் பற்றி நாம் அதிகம் வாதாட வேண்டியதில்லை. கொலையும் கொள்ளையும் பொய்ச் சாட்சியும் தீயவை என்பதை எந்த வீட்டிலும் எவரும் மறுக்கப் போவதில்லை. மனிதனுடைய மனச்சாட்சிக்கு உண்மையான சோதனை வருவது சின்னஞ்சிறு காரியங்களிலேதான். யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் நட்டமில்லை, எல்லாரும் செய்வதுதானே என்று சொல்லித் தட்டிக் கழிக்கக்கூடிய காரியங்கள் அவை. அத்தகைய ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம்.

எங்கள் உறவினர் பலர் குடியேறி வாழும் ரொறன்ரோ நகருக்கு ஒருவர் கலியாணமொன்றுக்காகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிழமைக்குக் கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார். ஓடித் திரிந்து, காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார். சில கிழமைகளின் பின், அவருடைய கடனட்டைக் கணக்கிலிருந்து பெரியதொரு தொகை கழிக்கப்பட்டிருக்கிறது. விசாரித்தால், இன்ன திகதி, இன்ன சந்தியில், சிவப்பு விளக்கு எரியும்போது அந்தக் கார் கடந்து போனதைக் கமரா படம் பிடித்திருக்கிறது என்று பதில் வருகிறது. தண்டப்பணமும், அதற்கு மேலே கம்பனியின் வேலைக் கூலியும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

இச்செய்தி வந்ததும் மனிதர் என்ன சொல்லுவார்? மூன்று விதமான பேச்சு வழக்கமாக எழும். முதலாவது: “சரி, தண்டம் கட்டியாயிற்று, கணக்குத் தீர்ந்தது.” இரண்டாவது: “ஓடினது யாரென்று படத்தில் தெரியவில்லையே, நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?” மூன்றாவது: “இதெல்லாம் பணம் பறிக்கச் செய்த தந்திரம்.” இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சீர்தூக்கிப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் காரே இல்லாத வீட்டிலும் இம்மூன்று பேச்சும் வேறு வேறு காரியங்களில் நாளாந்தம் கேட்கின்றன.

கமரா காண்பதும் காணாததும்

முதலில் காரியம் நடக்கும் விதத்தை அறிந்துகொள்வோம். ஒன்ராறியோ மாகாணத்தில் சிவப்பு விளக்குக் கமராக்கள் 2000ஆம் ஆண்டு நொவெம்பரில், ரொறன்ரோ உட்படச் சில நகரங்களில் தொடங்கப்பட்டன. விளக்கு சிவப்பாக மாறிய பின்னர் ஒரு வாகனம் சந்திக்குள் நுழைந்தால், நுழையுமுன் ஒரு படமும் நுழைந்தபின் இன்னொரு படமுமாகக் கமரா எடுத்துக்கொள்ளும். ஏற்கனவே சந்தியின் நடுவில் நின்று இடப்பக்கம் திரும்பக் காத்திருந்தவரை அது பிடிப்பதில்லை. சிவப்பைக் கண்ட பின்பும் உள்ளே போனவரையே அது பிடிக்கிறது.

படத்தில் விழுவது வாகனத்தின் பின்புறமும் இலக்கத்தகடும் மட்டுமே. ஓடியவரின் முகம் தெரியாது. ஆகையால் தண்டக் கடிதம் இலக்கத்தகட்டின் சொந்தக்காரருக்கே போகிறது. தண்டம் 325 டொலர். ஆனால் ஓடியவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் எந்தப் புள்ளியும் பதியப்படுவதில்லை. இதே குற்றத்தைப் பொலிசார் நேரில் கண்டு காரை மறித்திருந்தால், தண்டத்தோடு மூன்று குற்றப்புள்ளிகளும் அவருடைய பெயரில் ஏறியிருக்கும். செய்த செயல் ஒன்றுதான். தண்டனை இரண்டு விதம். காரணம் வெளிப்படை. பொலிசார் மனிதனைக் கண்டார்கள். கமரா இரும்பை மட்டும் கண்டது. இன்னார்தான் குற்றவாளி என்று தன்னால் சொல்ல முடியாது என்பதைச் சட்டமே இங்கே அடக்கமாக ஒப்புக்கொள்கிறது.

வாடகைக் காரில் இலக்கத்தகடு கம்பனியுடையது. கம்பனி தண்டத்தைக் கட்டிவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம் அறவிடுகிறது. ஆகவே செயலுக்கும் செய்தவருக்கும் இடையே இரண்டு திரைகள் தொங்குகின்றன. ஒன்று கம்பனியின் பெயர். மற்றது கையெழுத்திட்டவரின் பெயர். ஓட்டியவரோ இந்த இருவருக்கும் பின்னால் நிற்கும் மூன்றாமவராகவும் இருக்கக்கூடும்.

தண்டம் என்பது விலையா?

“கட்டியாயிற்று, தீர்ந்தது” என்பவரின் எண்ணம் புதியதன்று. கீழ்ப்படிதல் அல்லது தண்டம் என்ற இரண்டில் ஒன்றுக்கே சில சட்டங்கள் மனிதனைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றை மீறியவன் தண்டத்தைச் செலுத்தினால் அவன் மனச்சாட்சியில் குற்றமில்லை என்று அக்கால ஒழுக்கவியலார் சிலர் கற்பித்தனர். ஸ்பானிய அறிஞர் பிரான்சிஸ்கோ சுவாரெஸ் சட்டங்களைப் பற்றி 1612இல் வெளியிட்ட பெருநூலில் இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். பொதுக் காட்டில் விறகு வெட்டுதல், சுங்கவரி போன்றவை இதற்கு உதாரணங்களாகப் பேசப்பட்டன. பின்வந்தோர் பலர் இக்கொள்கையை ஏற்கவில்லை. எனினும் இப்படியும் சில சட்டங்கள் இருக்கலாம் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். சிவப்பு விளக்கு அந்த வகையைச் சேர்ந்ததா?

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடுகிறது. அரைச் செக்கன் பிந்தினாலும் எட்டு மீற்றர் உள்ளே வந்தாயிற்று. ஒரு பக்கம் சிவப்பானவுடன் மறுபக்கத்தைப் பச்சையாக்காமல், எல்லாப் பக்கமும் சிவப்பாகச் சிறிது நேரம் நிறுத்திவைப்பது பல நகரங்களில் வழக்கம். அந்த நேரம் யாருக்காக ஒதுக்கப்பட்டது? கடைசியாக உள்ளே வந்த வாகனம் வெளியேறுவதற்கும், ஊன்றுகோலோடு வீதியைக் கடக்கும் முதியவர் மறுகரை சேர்வதற்கும் ஒதுக்கப்பட்டது. சிவப்பில் நுழைகிறவர் அந்தச் சிறு நேரத்தைப் பிறரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். இது விறகு வெட்டும் காரியமன்று. இங்கே பணயம் வைக்கப்படுவது பிறர் உயிர்.

இதனாலேதான் 1965இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, வேகக் கட்டுப்பாட்டுச் சட்டங்களைத் துச்சமாக எண்ணுவோரை வெளிப்படையாகவே கண்டித்தது. தம் அசட்டையால் தமது உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்கள் என்பதை இவர்கள் உணர்வதேயில்லை என்று அது சுட்டிக்காட்டியது. உலகத்தின் பெரும் பிரச்சினைகளைப் பேச வந்த ஓர் ஏடு வீதிச் சட்டத்துக்கும் இடம் கொடுத்ததென்றால், காரியம் சிறிதன்று என்பது தெளிவு.

தண்டத்தை விலையாக எண்ணத் தொடங்கினால் மனம் எப்படி மாறுகிறது என்பதற்கு ஓர் ஆய்வு சான்று. இஸ்ரேலின் ஹைபா நகரிலுள்ள பத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களில் நடந்த இவ்வாய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் சிலர் பிந்தி வருவார்கள். ஆறு நிலையங்களில் பிந்தி வருவோருக்குத் தண்டம் விதித்துப் பார்த்தார்கள். குறையும் என்று எதிர்பார்த்த பிந்துதல் ஏறக்குறைய இரட்டிப்பாகியது! முன்பு, “ஆசிரியை எமக்காகக் காத்து நிற்பாளே” என்று வெட்கப்பட்டவர்கள், இப்போது, “காசு கொடுக்கிறோந்தானே” என்று ஆறுதலாக வந்தார்கள். பின்னர் தண்டத்தை நீக்கியபோதும் பழைய வெட்கம் திரும்பி வரவில்லை. விலை பேசி விற்கப்பட்ட வெட்கத்தை மீள வாங்க முடியாது என்பதை நம் வீடுகளும் கவனிக்க வேண்டும்.

முகம் தெரியாத இடத்தில்

இரண்டாவது பேச்சுக்கு வருவோம். “யாரென்று தெரியவில்லையே!” கிரேக்க ஞானி பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் கீஜஸ் என்னும் பெயரோடு தொடர்புடைய கதையொன்றைச் சொல்லுகிறார். ஓர் இடையனுக்கு மாய மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். இதை அறிந்ததும் அவன் அரண்மனைக்குள் புகுந்து, அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைப் பிடித்துக்கொள்கிறான். இந்த மோதிரம் கிடைத்தால் நீதிமானும் அநீதன் செய்வதையே செய்வானல்லவா என்பதே அங்கு எழுப்பப்படும் கேள்வி. அந்நிய ஊரும், பிறர் பெயரிலுள்ள இலக்கத்தகடும், விமானத்தில் ஏறினால் முடிந்துவிடும் என்ற நினைப்பும் சேர்ந்து அத்தகைய ஒரு மோதிரத்தையே வாடகைக் கார்க்காரரின் விரலில் மாட்டிவிடுகின்றன.

இக்கேள்வியை நியூ யோர்க் நகரம் தன்னை அறியாமலே சோதித்துப் பார்த்தது. ஐக்கிய நாடுகள் சபைக்கு வந்த வெளிநாட்டு இராசதந்திரிகளிடம் வாகனத் தரிப்புத் தண்டத்தை வலிந்து அறவிட அங்கே சட்டத்தில் இடமிருக்கவில்லை. 1997 முதல் 2002 வரையான ஐந்து ஆண்டுகளில் கட்டப்படாமல் குவிந்த தண்டக் கடிதங்கள் 150,000க்கு மேல். தொகையோ 180 இலட்சம் டொலருக்கு மேல். எனினும் எல்லாரும் ஒரே மாதிரி நடக்கவில்லை. நோர்வே, சுவீடன் முதலிய நாடுகளின் பிரதிநிதிகள், தம்மை யாரும் தண்டிக்க முடியாதென்று அறிந்தும் ஒழுங்காகவே நடந்தார்கள். வேறு சிலரோ நூற்றுக்கணக்கில் மீறினார்கள். 2002இல் தண்டத்தை அறவிடும் அதிகாரம் நகருக்குக் கிடைத்ததும், மீறல்கள் ஏறக்குறைய 98 வீதம் குறைந்தன. பிளேட்டோவின் கேள்விக்கு இங்கே இரண்டு விடைகளும் கிடைக்கின்றன. மோதிரம் கிடைத்தால் பலர் மாறுவார்கள். ஆனால் மாறாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, “யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்வான்” என்பது உண்மையன்று.

ஒளிந்துகொள்ளும் ஆசை பொய்யாக வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவுஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு போதும். அங்கே கமராவில் வாகனம் பிடிபட்டால், ஓடியவர் வேறொருவர் என்று சத்தியக் கடதாசி கொடுத்துச் சொந்தக்காரர் தப்பிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. வாடகைக் கம்பனிகளுக்கும் காரை இரவல் கொடுத்தவர்களுக்கும் நியாயமான வழி இது. மார்க்கஸ் ஐன்பெல்ட் என்பவர் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து இளைப்பாறியவர். மனித உரிமைகளுக்காகப் பாடுபட்டவர். 2006இல் சிட்னியில் 50 கிலோமீற்றர் எல்லையில் 60இல் ஓடியதாக அவருடைய கார் கமராவில் பிடிபட்டது. தண்டம் 77 டொலர் மட்டுமே. தம் சிநேகிதியான பேராசிரியை ஒருவரே காரை ஓடினார் என்று அவர் சத்தியம் செய்தார். அப்பெண்மணி 2003இலேயே இறந்துபோனவர் என்பது பின்னர் வெளியாயிற்று. ஒரு பொய்யை மறைக்க வேறு பொய்கள் வந்தன. முடிவில் 2009இல் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வாழ்நாள் முழுவதும் பிறரிடம் சத்தியம் வாங்கிய ஒரு மனிதர் 77 டொலருக்காகத் தம் சத்தியத்தை விற்றார்! வேகமாக ஓடியது சிறு குற்றம். அதை ஒளிக்கச் செய்ததே அவரை வீழ்த்தியது. தண்டக் கடிதம் கையில் கிடைக்கும்போது நாம் அஞ்ச வேண்டியது அதில் எழுதியிருக்கும் தொகைக்கல்ல, அதற்கு நாம் எழுதப்போகும் பதிலுக்கே.

சட்டம் செய்பவர்களுக்கும் நீதி உண்டு

மூன்றாவது பேச்சை முற்றாகத் தள்ளிவிட முடியாது. கமராக்கள் பணம் பறிக்கவே வைக்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு சில இடங்களில் ஆதாரமுள்ளதாகவே போயிற்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 2003இல் தொடங்கிய கமராத் திட்டம் அந்நாட்டிலேயே மிகப் பெரியதாக வளர்ந்தது. அதன் ஒப்பந்தத்தைக் கொடுப்பதற்காக நகரத்தின் உயர் அதிகாரி ஒருவர் கையூட்டுப் பெற்றார் என்பது நிரூபிக்கப்பட்டு, 2016இல் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2019இல் டெக்சஸ் மாநிலம் இக்கமராக்களைச் சட்டத்தால் தடை செய்தது.

ஆயினும் கமராவால் நன்மையே இல்லையென்பதும் பொருந்தாது. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலை நிருவாகம் ஏழு பகுதிகளில் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. கமரா வைத்த சந்திகளில், ஒரு கார் மற்றதன் பக்கவாட்டில் மோதும் விபத்துகள் ஏறக்குறைய 25 வீதம் குறைந்திருந்தன. திடீரென்று பிறேக் போடுவதால் பின்னால் வருவது மோதும் விபத்துகளோ 15 வீதம் கூடியிருந்தன. பக்கவாட்டு மோதலே பெரும்பாலும் கொடியது. ஆகவே நன்மை மிகுந்திருந்தாலும், அது கலப்பற்ற நன்மையன்று. மஞ்சள் விளக்குப் போதிய நேரம் எரிகிறதா, கமரா இருப்பதை முன்கூட்டியே பலகை போட்டு அறிவித்திருக்கிறார்களா, சேரும் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. கேட்க வேண்டிய கடமையும் உண்டு.

தண்டத்தின் பாரமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. 325 டொலர் ஒருவருக்கு ஓர் இராச்சாப்பாட்டுச் செலவு. தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் இன்னொருவருக்குப் பல நாட் சம்பளம். பின்லாந்து நாட்டில் பெரிய வீதிக் குற்றங்களுக்கு வருமானத்தைப் பார்த்தே தண்டம் விதிக்கிறார்கள். 2002இல் அங்கே கைத்தொலைபேசிக் கம்பனியொன்றின் பணிப்பாளருக்கு, 50 கிலோமீற்றர் எல்லையில் 75இல் ஓடியதற்காக 116,000 யூரோ விதிக்கப்பட்டது. பின்னர் அவருடைய வருமானம் குறைந்திருந்ததைக் காட்டியதால் அத்தொகை வெகுவாகக் குறைக்கப்பட்டது. எல்லாரும் ஒரே தொகை கட்டுவதா, எல்லாரும் ஒரே நோவை உணர்வதா, எது சமத்துவம் என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிகாரியின் பேராசை என் குற்றத்தைக் கழுவிவிடாது. சிக்காகோ அதிகாரி கையூட்டு வாங்கியதனால், அந்நகரத்துச் சந்தியில் சிவப்பில் நுழைந்த கார் பச்சையில் நுழைந்ததாகிவிடாது. அநீதியான திட்டத்தை எதிர்த்து வாக்களிக்கலாம், எழுதலாம், வழக்காடலாம். சந்தியில் போய் அதை எதிர்க்கக் கூடாது. ஏனெனில் குறுக்கே வருகிறவர் அந்த அதிகாரியல்லர்.

வீட்டில் செய்ய வேண்டியது

இனி நடைமுறைக்கு வருவோம். உண்மையாகவே விளக்கு சிவப்பாக இருக்கவில்லை, அல்லது இலக்கத்தைத் தவறாக வாசித்துவிட்டார்கள் என்றால் எதிர்த்து வாதாடுவதில் தவறில்லை. அது உரிமை. நோயாளியை ஏற்றிவரும் அம்புலன்சுக்கு வழிவிடச் சந்திக்குள் சற்று நகர்ந்தவரும் தம் காரணத்தைச் சொல்லலாம். முற்றுகையிடப்பட்ட நகரின் வாயில்களை மூடிவைக்கச் சட்டமிருந்தாலும், காவல் வீரர்கள் எதிரியால் துரத்தப்பட்டு வரும்போது வாயிலைத் திறக்கலாம் என்று அர்ச். தோமஸ் அக்குவினாஸ் விளக்கினார். சட்டத்தின் எழுத்தைவிட அதன் நோக்கம் பெரிது. ஆனால், அனுமதி கேட்க நேரமில்லாத திடீர் ஆபத்துக்கே அவர் இதைச் சொன்னார் என்பதையும் மறந்துவிடலாகாது. கலியாண வீட்டுக்குப் பிந்திவிட்டது என்பது முற்றுகையல்ல.

குடும்பமாகப் போய் மாறி மாறிக் கார் ஓடியிருந்தால் காரியம் இன்னும் நுட்பமானது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர் மூத்த அக்காவின் கணவர். கழிக்கப்பட்டது அவருடைய பணம். ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தியில் ஓடியது மைத்துனன். சட்டத்துக்கு ஒருவர் கட்டினால் போதும். அது மேற்கொண்டு விசாரிக்காது. அத்தானும் பெருந்தன்மையால் கேட்கமாட்டார். கேட்டால் முகம் முறியும் என்று அக்காவும் பேசாதிருப்பாள். இந்த மௌனத்தில் ஒரு சிறு அநீதி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. “அத்தான், அண்டைக்கு அதில ஓடினது நான்தான். இந்தாங்கோ காசு” என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அத்தான் வாங்க மறுக்கலாம். மறுப்பது அவர் உரிமை. சொல்லுவது மைத்துனன் கடமை. பின்னாசனத்திலிருந்து இதைக் கேட்கும் பிள்ளைகள், நூறு புத்திமதிகளில் கற்காததை அந்த ஒரு சொல்லில் கற்றுக்கொள்வார்கள்.

வாடகைக் கம்பனி தன் வேலைக் கூலியை அறவிடுவது, ஒப்பந்தத்தில் அதை முன்கூட்டியே தெளிவாகக் காட்டியிருந்தால், அநீதியன்று. காட்டாமல் மறைத்திருந்தால் முறையிடலாம். ஆனால் கூலி அதிகம் என்ற கோபத்தில், தண்டமும் தம்முடையதல்ல என்று சாதிப்பது இரண்டு காரியங்களை வேண்டுமென்றே குழப்புவதாகும்.

இக்கமராவின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. வீதிக் கமராக்களை உருவாக்கிய முன்னோடி, ஒல்லாந்தைச் சேர்ந்த மொரிஸ் கட்சோனிடிஸ் என்னும் கார்ப் பந்தய வீரர். 1953இல் மொன்ரி கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தாம் ஓடும் வேகத்தைத் தாமே அளந்து திருந்துவதற்காகவே அவர் தம் கருவியை முதலில் செய்தார். பிற்பாடே அது பொலிசாரின் கைக்குப் போயிற்று. தன்னைத்தான் அளந்துகொள்ளப் பிறந்த கருவி, தன்னை அளக்க மறுக்கும் மனிதர்களை அளக்கும் கருவியாக மாறிவிட்டது. நாம் அளந்துகொண்டால் அதற்கு வேலை குறையும்.

தண்டம் கட்டினால் அரசாங்கத்தோடு உள்ள கணக்குத் தீருகிறது. கம்பனியின் கூலியைக் கொடுத்தால் கம்பனியோடு உள்ள கணக்குத் தீருகிறது. உறவினரிடம் உண்மையைச் சொன்னால் வீட்டுக் கணக்கும் தீருகிறது. மீதியாயிருப்பது ஒன்றே. அந்த நேரத்தில் குறுக்கு வீதியில் பச்சை விளக்கை நம்பி வந்துகொண்டிருந்தவரோடு உள்ள கணக்கு அது. அவர் யாரென்று எந்தக் கமராவும் படம் பிடிக்கவில்லை. அவருக்கு எவரும் கடிதம் அனுப்பப் போவதில்லை. அவருக்குக் கட்டவேண்டியது பணமுமன்று. அடுத்த சந்தியில், விளக்கு மஞ்சளாகும்போது, பிறேக்கில் காலை வைப்பதே.